உள்ளே வெந்ததா?

காய்ச்சல் கண்டவரின் உடலைக் கையால் தொட்டுப் பார்த்த அளவில் மருத்துவர் அமைவதில்லை. வெப்பமானி கொண்டு அளந்தே துணிகின்றார். அக்கருவிக்கு உடன்பிறப்பு ஒன்று அடுக்களைக்கும் உண்டு. உணவின் உட்புறச் சூட்டை அளந்து காட்டும் அதனை உணவு வெப்பமானி என்பர். அதன் பயனை யான் உணர்ந்த வரலாற்றை ஈண்டுக் கூறுவேன்.

தருமபுரி மாவட்டத்துப் பென்னாகரம் வட்டத்தில் உள்ள ஏரியூர் எங்கள் ஊர். மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பு ஊருக்கு நெடுந்தொலைவில் இல்லை. ஆதலின் காவிரி மீனும், வீட்டில் வளரும் நாட்டுக்கோழியும் விருந்தினர்க்குக் குறைவின்றிக் கிடைக்கும். சில ஆண்டுகளுக்கு முன் ஆடிப் பதினெட்டாம் நாளன்று எம் இல்லத்தில் உறவினர் பலர் கூடினர். குழம்பு மட்டும் போதாது, கோழித் தொடைகளை மசாலை தடவி முழுமையாகப் பொரித்தல் வேண்டும் என்று இளைஞர் விரும்பினர். எண்ணெய் மிகக் காய்ந்திருந்தது. தொடைகள் விரைவிற் பொன்னிறம் பெற்றன. "வெந்துவிட்டது, இலை போடுங்கள்" என்று விரைவுபடுத்தியவன் யானே. உண்ணும்பொழுது என் பேரன், "தாத்தா, எலும்புகிட்டே இரத்தம் மாதிரி இருக்கே" என்றான். "ஒன்றுமில்லை, சாப்பிடு கண்ணு" என்றேன்.

மறுநாட் பிற்பகல் அவனுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டன. அன்றிரவு மருத்துவமனையில் அவன் கட்டிலருகே யாவரும் உறங்காது அமர்ந்திருந்தோம். உப்பும் சர்க்கரையும் கலந்த நீரும் மருந்தும் பெற்று, மூன்றாம் நாள் எழுந்து அமர்ந்தான். மருத்துவர் என்னை நோக்கி, "ஐயா, கறி வெந்திருந்ததா?" என்று வினவினார். "பொன்னிறமாகப் பொரிந்திருந்தது" என்றேன். "மேற்புறத்தைக் கேட்கவில்லை, ஐயா, உள்ளே வெந்ததா?" என்றார். அவ்வினாவிற்கு என்பால் விடை இல்லை.

மாணவர்களே, கோழியின் குடலில் சால்மொனெல்லா, கேம்பிலோபேக்டர் முதலிய நுண்ணுயிர்கள் வாழ்தல் உண்டு. கோழியை அறுத்துத் துப்புரவு செய்யுங்கால் அவை இறைச்சியிற் படிகின்றன. கண்ணுக்கும் மூக்குக்கும் நாவுக்கும் அவை புலப்படா. போதிய வெப்பமே அவற்றை அழிக்கும். வெப்பமோ புறத்திலிருந்து அகம் நோக்கி மெல்ல மெல்லவே செல்லும். தீயை மிகுத்தால் புறம் சிவக்குமேயன்றி அகம் அவ்வளவு விரைவில் வேகாது. நிறமும் நம்மை ஏமாற்றும்; வேகாத இறைச்சி வெந்தது போலவும், வெந்தது வேகாதது போலவும் தோன்றுதல் உண்டு. புறத்தோற்றம் கண்டு அகத்தைத் துணிதல் மனிதரிடத்து மட்டுமன்றி இறைச்சியிடத்தும் பிழையேயாம்.

இஃது ஓர் இல்லத்தின் கதை மட்டும் அன்று. 2023ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் நாமக்கல் நகரில் ஷவர்மா உண்டபின் பலர் நோயுற்றனர்; 14 அகவைச் சிறுமி ஒருத்தி உயிர் நீத்தாள். இறைச்சியைக் கம்பியில் அடுக்கித் தீயின்முன் சுழற்றி, வெந்த மேற்பகுதியைச் சீவித் தருவதே ஷவர்மா. அவ்வடுக்கின் உட்பகுதி வேகாதிருத்தல் எளிது. ஆதலின் அதனைச் சமைப்போர்க்கு மிக்க விழிப்பு வேண்டும்.

எவ்வளவு வெப்பம் போதும்? அமெரிக்க நாட்டு வேளாண்மைத் துறையினர் செல்சியசு அளவில் இவ்வாறு வகுத்துள்ளனர்: கோழி இறைச்சியின் நடுப்பகுதி 74 பாகையும், கொத்திய ஆட்டிறைச்சி 71 பாகையும், மீன் 63 பாகையும் எய்துதல் வேண்டும். கொத்தாத ஆட்டிறைச்சித் துண்டம் 63 பாகை எய்தியபின் மூன்று நிமிடம் ஆறவிடல் வேண்டும். கொத்தும்பொழுது மேற்புறத்து நுண்ணுயிர்கள் உள்ளெங்கும் கலந்துவிடுதலின் கொத்துக்கறிக்கு மிகுதியான வெப்பம் வேண்டுவதாயிற்று.

கருவியைக் கையாளும் முறை எளிது. அதன் முனையை இறைச்சியின் தடித்த பகுதியின் நடுவே செருகுக. முனை எலும்பைத் தொடலாகாது. தொட்டால் பிழையான எண்ணைக் காட்டும். எண் நிலைபெறும்வரை பொறுத்திருந்து படிக்க. பயன்படுத்தும்தோறும் சோப்பும் வெந்நீரும் கொண்டு கழுவுக. நொறுக்கிய பனிக்கட்டி நிறைந்த நீரில் முனையை வைத்தால் 0 பாகை காட்டுதல் வேண்டும். அதுவே கருவியின் வாய்மைக்குச் சோதனை. கொதிநீர்ச் சோதனை இடத்திற்கு ஏற்ப மாறும். உதகமண்டலம் போன்ற உயர்ந்த மலையூரில் நீர் ஏறத்தாழ 93 பாகையிலேயே கொதித்துவிடும். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியை உணவிற் செருகுதல் பெருந்தவறு. அது சமையல் வெப்பத்தை அளக்க வல்லதன்று. கண்ணாடிக் குழல் உடைந்தால் அதனுள் உள்ள பாதரசம் உணவை நஞ்சாக்கும்.

நம் பாட்டியர் இக்கருவியின்றியே நன்கு சமைத்தனர் அல்லரோ எனின், ஆம். அவர்கள் கறியைச் சிறு துண்டுகளாக அரிந்து, குழம்பில் நெடுநேரம் கொதிக்கவிட்டனர். அம்முறையில் உட்புறமும் நன்கு வெந்துவிடும். முழுத்தொடை பொரித்தல், பெருந்துண்டங்களைத் தணலில் வாட்டல் முதலிய புதுமுறைகள் வந்த இடத்தே புதுக்கருவியும் வேண்டுவதாயிற்று. சமைத்த கறியை இரண்டு மணி நேரத்திற்கு மேல் வெளியே வைத்தலும் கூடாது. சில நுண்ணுயிர்கள் விடுக்கும் நஞ்சு மீண்டும் சுடவைப்பினும் அழிவதில்லை.

சென்ற ஆடிப் பதினெட்டன்று எம் இல்லத்தில் மீண்டும் கோழி பொரித்தோம். வெப்பமானியைச் செருகிப் படிக்கும் பொறுப்பு என் பேரனுடையது. "அறுபத்தெட்டு, தாத்தா" என்றான். விருந்தினர் பசித்திருந்தனர். ஆயினும் தீயைத் தணித்துத் தொடைகளை மீண்டும் எண்ணெயில் இட்டோம். சிறிது நேரம் கழித்து, "எழுபத்தாறு" என்று அவன் உரக்கக் கூறினான். அதன் பின்னரே, "இலை போடுங்கள்" என்றேன்.