வீட்டில் அமைக்கும் ரவுட்டர்

இல்லத்திற்கு வரும் இணைய இணைப்பு ஒன்றேயாயினும், அதனைக் கணினி, கைப்பேசி முதலிய பலவற்றிற்கும் பகிர்ந்தளிப்பது ரவுட்டர் என்னும் சிறு பெட்டியாகும். எளிய தோற்றமுடைய இதுவும் ஒரு கணினியே. செயலியும், நினைவகமும், மென்பொருளைத் தாங்கும் ஃபிளாஷ் சேமிப்பகமும் இதனுள் உண்டு. ஆதலின், விற்றவர் இட்ட மென்பொருளை நீக்கி, யாவரும் படித்துத் திருத்தத்தக்க திறந்த மூல மென்பொருளை இதில் நிறுவிக்கொள்வோர் உளர். ஆயினும் எல்லாப் பெட்டிகளும் அதற்கு இடந்தருவதில்லை.

2002ஆம் ஆண்டின் இறுதியில் லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி என்னும் ரவுட்டர் விற்பனைக்கு வந்தது. அதனுள் லினக்ஸ் இயங்குவதை ஆர்வலர் சிலர் கண்டறிந்தனர். லினக்ஸைப் பிறர்க்கு வழங்குவோர் அதன் மூலநிரலையும் வழங்குதல் வேண்டும் என்பது அதன் உரிம விதி. அவ்விதிப்படி 2003இல் மூலநிரல் வெளியாயிற்று. அதனின்றும் 2004இல் ஓப்பன்டபிள்யூஆர்டி என்னும் திட்டம் பிறந்தது. அத்திட்டத்தின் பெயரில் அப்பெட்டியின் பெயர் இன்றும் ஒட்டிக்கொண்டிருத்தலைக் காணலாம்.

2005இல் அதே பெயருடன் ஐந்தாம் பதிப்பு வெளிவந்தது. புறத்தோற்றம் பெரிதும் மாறவில்லை; அகம் மாறிற்று. 4 மெகாபைட்டாக இருந்த ஃபிளாஷ் 2 ஆகவும், 16 ஆக இருந்த நினைவகம் 8 ஆகவும் சுருங்கின. லினக்ஸும் அகற்றப்பட்டது. பெயரை மட்டும் நம்பி வாங்கியவர், தாம் கருதிய மென்பொருளுக்கு அதனுள் இடமின்மை கண்டு திகைத்திருப்பர். லினக்ஸ் உள்ள வடிவம் பின்னர்ப் பெயரின் இறுதியில் ‘எல்’ என்னும் எழுத்தைப் பெற்றுத் தனியே விற்கப்பட்டது. ஓர் எழுத்தில் இத்துணை வேறுபாடு!

ஆகவே வாங்குவோர், பெட்டியின் அடியில் ஒட்டியுள்ள சீட்டிற் காணும் பதிப்பெண்ணை ஓப்பன்டபிள்யூஆர்டி வெளியிடும் கருவிப் பட்டியலோடு ஒப்பிட்டு நோக்குவர். இக்காலத்தில் 16 மெகாபைட் ஃபிளாஷும் 128 மெகாபைட் நினைவகமுமேனும் வேண்டும். அளவினும் முதன்மையானது கம்பியில்லாத் தொடர்புக்குரிய சில்லு. பிராட்காம் சில்லுகள் பலவற்றிற்குத் திறந்த இயக்கி கிடைப்பதில்லை. இயக்கி இல்லையேல் வைஃபையும் இல்லை. மீடியாடெக் சில்லுகள் பலவற்றிற்கு அது கிடைக்கின்றது.

பழைய மேசைக் கணினியையே ரவுட்டராக்குவோரும் உளர். அதற்குப் பிணைய வாயில்கள் இரண்டு தேவை. ஒன்று வெளியிணைப்பிற்கு, மற்றொன்று வீட்டிற்கு. இன்டெல் பிணைய அட்டைகளை இவர்கள் விரும்புவர். ஃப்ரீபிஎஸ்டியை அடிப்படையாகக் கொண்ட ஓபிஎன்சென்ஸ் போன்றவற்றில் வைஃபை ஆதரவு குறைவாதலின், அதற்குத் தனிக்கருவி வைத்தலே நன்று. மின்செலவு சிறு பெட்டியினும் மிகுதியாதலையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

2024இல் ஓப்பன்டபிள்யூஆர்டி திட்டத்தினர் தமக்கெனவே ‘ஓப்பன்டபிள்யூஆர்டி ஒன்’ என்னும் கருவியை வெளியிட்டனர். அதில் 1 கிகாபைட் நினைவகமும், 256 மெகாபைட் ஃபிளாஷும் உள்ளன. இவையன்றி 16 மெகாபைட் அளவில் வேறொரு ஃபிளாஷும் உண்டு. நிறுவுங்கால் பிழை நேர்ந்து கருவி இயங்காதுபோயின், ஓர் ஆளியைத் தள்ளி, அதிலிருந்து கருவியை மீட்டுக்கொள்ளலாம்.