குலமுறை தேடுதலும் தளராமையும்

தம் குடும்ப வரலாற்றை எழுதப் புகுவோர் பலர். எழுதி முடிப்போர் மிகச் சிலர். பாட்டன், பூட்டன் என்னுமளவும் இனிது நடக்கும் ஆராய்ச்சி, அதற்கப்பால் ஒரு சுவரில் முட்டி நின்றுவிடுகின்றது. நம் நாட்டில் இச்சுவர் எழுதற்குக் காரணங்கள் உள. வழிவழி நிலைக்கும் குடும்பப் பெயர் நம்மவருள் பெரும்பாலார்க்கு இல்லை. தந்தையின் பெயர் மகனுக்கு முன்னெழுத்தாகி, அடுத்த தலைமுறையில் மறைந்துபோம். பிறப்பு இறப்புகளைப் பதிதற்கெனச் சென்னை மாகாணத்தில் எழுந்த தனிச்சட்டமோ 1899ஆம் ஆண்டினதே. அன்றியும், பாட்டன் பெயரைப் பெயரனுக்கு இடுவது நம் வழக்கு. பேரன் என்னுஞ் சொல்லே அதனின்று வந்ததென்பர். ஆகவே ஒரே பெயர் ஒன்றுவிட்டொரு தலைமுறையில் மீண்டும் மீண்டும் தோன்றி, தேடுவோரை மயக்கும்.

யாமும் இவ்வாறு மயங்கினோம். எம் கல்லூரியில் எம்மோடு பணிபுரியும் நண்பரொருவர் திருவாதவூரைச் சார்ந்தவர். அவர்தம் தாத்தாவுக்குத் தொண்ணூறு வயது கடந்துவிட்டது. அம்முதியவர்க்கு ஒரு மனக்குறை உண்டு. அவர் தம் பாட்டனாரின் பெயரைத் தாங்கியவர். அப்பாட்டனாரே கண்மாய்க்குக் கீழிருந்த நன்செயை விற்றுக் குடியைக் கெடுத்தாரெனப் பங்காளிகள் சொல்லிவந்தனர். சிறுவயதில் இவரையும், 'பெயர் வாய்த்தவன்தானே' என்று இடித்துரைப்பராம். உண்மையை அறிந்துகொண்டு கண்ணை மூடவேண்டுமென்பது அவர் விருப்பம். அதன் பொருட்டே யாம் மூவர் இப்பணியில் இறங்கினோம்.

முதலில் கிடைத்தது ஒரு சாதக ஓலை. அம்முதியவரின் பாட்டனார் பெயர் அதிலிருந்தது; ஆண்டு 'தாது' எனக் கண்டோம். தாது வருஷத்துப் பஞ்சத்தைக் கேளாதார் யார்? 1876 என உடனே குறித்துக்கொண்டோம். பிறகு, நிலத்தை வாங்கியவர் வழியினரது வீட்டுப் பெட்டியில் பழைய கிரயப் பத்திரம் ஒன்று அகப்பட்டது. நிலம் அதுவே, நான்கெல்லையும் பொருந்தின. விற்றவர் பெயரும் அதுவே. ஆனால் பத்திரம் எழுதப்பட்டதோ 1868இல்! விற்றவரின் தந்தை பெயரும் யாம் அறிந்ததோடு ஒவ்வவில்லை. பிறவாத ஒருவர் நிலத்தை விற்பதெங்ஙனம்? வேறு குடும்பத்தார் யாரோ என ஒதுக்கினோம். ஒதுக்கியபின் மேலே செல்ல வழியில்லை. ஈராண்டு கழிந்தது. நண்பர் குறிப்பேடுகளைத் துணியிற் பொதிந்து பரணில் இட்டார். யாமும் தடுத்திலேம்.

எம்மை மீண்டும் எழுப்பியவை, திருவாதவூர்க்கு அண்மையிலுள்ள மாங்குளத்துக் குகைக் கல்வெட்டுகள். ஒரு விடுமுறை நாளில் மாணவர்களோடு அக்குன்றின்மேல் ஏறினோம். இராபர்ட்டு சிவெல் என்பார் 1882இல் அவற்றைக் கண்டறிந்தார். எழுத்து அசோகன் காலத்துப் பிராமியை ஒத்திருத்தலின், மொழியும் பிராகிருதமாகவே இருத்தல் வேண்டுமெனக் கொண்டு அறிஞர் இடர்ப்பட்டனர். 1924இல் கே. வி. சுப்பிரமணிய ஐயர், இத்தகைய குகைக் கல்வெட்டுகளில் ழகர றகரங்கள் போன்ற தமிழுக்குரிய எழுத்துகள் உள்ளமை காட்டி, மொழி தமிழே என்றார். அதன்பின்னும் நாற்பதாண்டு கழிந்து, 1965இல் ஐராவதம் மகாதேவன் அங்கு நெடுஞ்செழியன் என்னும் பாண்டியன் பெயரைத் தெளிவுறப் படித்தார். கல் மாறவில்லை, எழுத்தும் மாறவில்லை. எண்பது ஆண்டுகளாக இடர் செய்தது, படிப்போர் முன்னரே கொண்டிருந்த முடிவன்றோ!

அக்கல்வெட்டுகளுள் ஒன்று குலமுறை தேடுவோர் கருதத்தக்கது. கொடையளித்த சடிகன் என்பான், நெடுஞ்செழியனுக்குக் கொண்டு கொடுத்த உறவினன் எனவும், இளஞ்சடிகனுக்குத் தந்தை எனவும் அதிற் குறிக்கப்படுகின்றான். தன் தந்தை பெயரால் அன்று, மகனாலும் பெண்வழி உறவாலும் அறியப்பட்டான். நேர்வழி அடைபட்டவிடத்துப் பக்கவழியே செல்லுதல் பழைய முறைதான் போலும்! (திருவாதவூரர் எனப்படும் மாணிக்கவாசகர் காலத்தையே மறைமலையடிகள் மூன்றாம் நூற்றாண்டென நிறுவ, ஒன்பதாம் நூற்றாண்டென்பார் பலர் இருக்கின்றனர். எம் நண்பர் குடும்பத்தின் எட்டாண்டுக் குழப்பம் எம்மாத்திரம்?)

குன்றினின்று இறங்குங்கால் நண்பர் கேட்டார்: "நாம் முன்னரே கொண்ட முடிவு யாது?" தாது என்றால் பஞ்சம், பஞ்சம் என்றால் 1876 என்பதுதான். ஆண்டுப் பெயர்கள் அறுபதாண்டுக்கொருமுறை மீண்டும் வருவன; 1816உம் தாதுவே.

ஓலையை மறுபடியும் எடுத்தோம். இவ்விரண்டனுள் எது என்று துணிதற்கு வியாழனும் சனியும் உதவா. அறுபதாண்டில் வியாழன் ஏறத்தாழ ஐந்து சுற்றும் சனி இரண்டு சுற்றும் சுற்றி, முன்னிருந்த இராசியிலோ அதற்கடுத்ததிலோ வந்து நிற்கும். ஆனால் இராகு ஒருமுறை சுற்றுதற்குப் பதினெட்டரை ஆண்டுக்குச் சற்று மிகுதியாகும். அறுபதாண்டில் மூன்று சுற்றுப் போக, மேலும் இரண்டு மூன்று இராசி பின்னோக்கி நகர்ந்துவிடும். சோதிடம் பலிக்குமா என்னும் வழக்கு ஈண்டு வேண்டா. கோள் நின்ற இடம் கணக்கன்றோ? கணித்துப் பார்த்தோம். ஓலையிற் கண்ட இராகு 1816க்கே பொருந்திற்று.

அந்நொடியே முடிச்சு அவிழ்ந்தது. ஓலை முதியவருடைய பாட்டனாரதன்று, அப்பாட்டனாரின் பாட்டனாரது. ஒரே பெயருடைய இருவரை யாம் ஒருவராக்கியிருந்தோம். பங்காளிகளும் அதனையே செய்திருந்தனர். நிலத்தை விற்றவர் அன்று ஐம்பத்திரண்டு வயதினராகிய மூத்தவர். பழி சுமந்த இளையவரோ அப்போது கைக்குழந்தையாய் இருந்திருப்பார், அன்றிப் பிறந்தே இரார். முன்பு ஒவ்வாது நின்ற தந்தை பெயரோ இப்பொழுது மேலும் ஒரு தலைமுறையைத் தந்தது. பத்திரத்தில் விற்றதன் காரணமும் இருந்தது. முன்னர்ப் படித்திருந்தும் பிறர் கதையென்று கருத்தில் வாங்காது விட்டோம். 'எமது தகப்பனார் பட்ட கடனுக்காக' என்பதே அது.

அடுத்த ஞாயிறன்று தாத்தாவினருகில் அமர்ந்து பத்திரத்தை முழுவதும் படித்துக் காட்டினோம். காது மந்தமாதலின் இருமுறை படிக்க வேண்டியிருந்தது. நெடுநேரம் ஒன்றும் பேசாதிருந்தார். பின்னர்ப் பெயரனைப் பார்த்து, "அப்ப எங்க ஐயா விக்கலையா?" என்றார். "இல்லை தாத்தா" என்றார் நண்பர். பெரியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "சரிப்பா, அந்தக் கடன எதுக்கு வாங்குனாகளாம்? அதையும் பாரு" என்றார்.

குறிப்பேடுகள் இப்பொழுது பரணில் இல்லை.