மாற்று உறுப்பு பெற்றவர்கள் தோலையும் கவனிக்கணும்



2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதியர், விபத்தில் மூளைச்சாவு அடைந்த தங்கள் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைத் தானமாகக் கொடுத்தது நம்மில் பலருக்கு ஞாபகம் இருக்கும். உறுப்பு தானம் என்ற பேச்சு கிராமம் வரைக்கும் வந்தது அதற்குப் பிறகுதான். சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சைக்கு இன்று முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் இடம் உண்டு. மாற்றுச் சிறுநீரகத்தோடு பத்து, பதினைந்து வருஷம் நல்லபடியாக வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும், அவர்களைப் பார்த்துக்கொள்ளும் வீட்டுப் பெண்களுக்கும்தான் இந்த மாதப் பாடம்.

வெளியிலிருந்து வந்த உறுப்பை உடம்பு அந்நியமாக நினைத்து எதிர்க்கும். அதைத் தடுக்கத்தான் டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின், அசத்தியோபிரின் போன்ற மாத்திரைகளைத் தினமும் கொடுக்கிறார்கள். இவை உடம்பின் எதிர்ப்பு சக்தியை அடக்கி வைக்கும். சிக்கலும் அங்கேதான். வெயிலில் கெட்டுப்போன தோல் அணுக்களைக் களையெடுப்பதும், மருவை உண்டாக்கும் வைரஸைத் துரத்துவதும் அதே எதிர்ப்பு சக்திதானே! ஆள் இல்லாத கொல்லையில் களை மண்டுகிற மாதிரி, தோலில் புற்றுநோய் தலைகாட்ட வழி கிடைக்கிறது. மாத்திரை சாப்பிடும் வருஷம் ஏற ஏற ஆபத்தும் ஏறும். அசத்தியோபிரின் சாப்பிடுபவர்களின் தோல் வெயிலைத் தாங்காது. வயசான பிறகு உறுப்பு மாற்றியவர்களுக்கும் கூடுதல் கவனம் வேண்டும்.

வெள்ளைக்காரர்களிடம் ஒரு வகைத் தோல் புற்று, உறுப்பு மாற்றியவர்களுக்கு மற்றவர்களைவிட 65 முதல் 100 மடங்கு வரை அதிகம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நம்ம கறுத்த தோல் இயற்கை கொடுத்த குடை. இங்கே அவ்வளவு வருவதில்லை. "அப்போ நமக்கு எதுக்குங்க இந்தப் பாடம்?" என்று கேட்காதீர்கள். கறுத்த தோலில் இது வந்தால், வெயிலே படாத இடத்தில் வருவதுண்டு. தொடை இடுக்கு, பிறப்புறுப்பு, ஆசனவாய்ப் பக்கம், பழைய தீக்காயத் தழும்பு, உள்ளங்கால், நகத்தின் அடி. மறைவிடத்தில் வருவதற்குப் பெரும்பாலும் மரு வைரஸே காரணம்.

நம்ம பெண்கள் இந்த இடங்களைப் புருஷனிடம்கூடச் சொல்ல மாட்டார்கள், டாக்டரிடம் எங்கே காட்டுவது? புண் பெருசாகி நாற்றம் எடுத்த பிறகுதான் பேச்சே வரும். சின்னதாக இருக்கும்போது காட்டினால் வெட்டி எடுத்துவிடலாம். ஆண் டாக்டரிடம் கூச்சமாக இருந்தால், "பெண் டாக்டர் வேணும்" என்று தைரியமாகக் கேளுங்கள். கேட்பது தப்பில்லை.

மாசம் ஒரு நாள், குளிக்கும்போது உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்க்கணும். முதுகை மகளோ நாத்தனாரோ பார்க்கட்டும். நாலு வாரமாகியும் ஆறாத புண், தடித்து வளரும் மரு, தொட்டால் ரத்தம் கசியும் கட்டி, நிறம் மாறும் மச்சம் இருந்தால் மாத்திரைச் சீட்டோடு கறம்பக்குடி அரசு மருத்துவமனைக்கோ, புதுக்கோட்டை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போங்கள். மருவைத் தலைமுடியால் கட்டுவது, சுண்ணாம்பு வைப்பது, கடையில் களிம்பு வாங்கிப் போடுவது எதுவும் கூடாது.

இதைப் படித்துவிட்டுப் பயந்து மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்! நிறுத்தினால் சிறுநீரகமே போய்விடும். மாத்திரையை மாற்றுவதா, அளவைக் குறைப்பதா என்பதை டாக்டர்தான் முடிவு செய்யணும்.

கடலை பிடுங்க, நடவுக்குப் போகிறவர்கள் புடவைக்கு மேலே முழுக்கைச் சட்டை போடுவது நம்ம பக்கத்துப் பழக்கம்தான். தலைக்குத் துண்டும் கட்டி, 11 மணி முதல் 3 மணி வரை நிழலில் இருந்தால் நல்லது. வெற்றிலையோடு புகையிலை வேண்டாம். உதட்டிலும் வாயிலும் வரும் புற்றுக்கு அது துணை. உறுப்பு மாற்றிய பெண்கள் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையையும் தள்ளிப்போடக் கூடாது. அதற்கும் அதே வைரஸ் குடும்பம்தான் காரணம்.

"சிறுநீரகம் கொடுத்தவளுக்கும் இந்தப் புற்று வருமா?" என்ற சந்தேகம் வரலாம். நம் நாட்டில் உயிரோடு இருக்கும்போதே கொடுப்பவர்களில் பெண்களும், வாங்குபவர்களில் ஆண்களும்தான் அதிகம் (இதைப் பற்றித் தனியாகவே ஒரு நாள் பேசணும்). கொடுத்தவர் இந்த மாத்திரைகளைச் சாப்பிடுவதில்லை. அதனால் அவருக்கு இந்த ஆபத்து கிடையாது. வருஷா வருஷம் ரத்த அழுத்தமும் சிறுநீரும் பரிசோதித்துக்கொள்ளணும்.