பாட்டிலை மூடும் முன்: பழம், காய் அடைத்துவைக்கப் புதிதாக வருவோருக்குச் சில அறிவுரைகள்

ஒட்டன்சத்திரம் சந்தையில் தக்காளி விலை விழும்போதும், கொடைக்கானலில் பேரிக்காயும் பிளம்ஸும் குவியும்போதும், வாங்கி அடைத்துவைத்தால் என்ன என்று பலருக்கு ஆசை வருகிறது. நல்ல ஆசைதான். ஆனால் நாம் இன்று மூடுவதைப் பல மாதம் கழித்து வேறொருவர் நம்மை நம்பிச் சாப்பிடப்போகிறார். அதனால் ருசிக்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: இந்தப் பாட்டிலை எது காக்கிறது? புளிப்பா, உப்பா, சர்க்கரையா, சூடா? விடை தெரியாத பாட்டிலை மூடாதீர்கள். நான் சொல்லப்போகும் எல்லாமே இதற்குள் அடக்கம்.

1. முதலில் புளிப்பைப் பாருங்கள்.
கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்று ஒரு கிருமி உண்டு. மண்ணில் வாழ்வது, காய்களில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும். காற்று இருந்தால் வளராது. காற்றில்லாத இடத்தில்தான் வளரும். அதன் வித்துகள் கொதிக்கிற தண்ணீரிலும் சாவதில்லை. காற்றை வெளியேற்றி இறுக மூடிய பாட்டில் அதற்கு வாய்த்த இடம். அங்கே முளைத்து அது உண்டாக்கும் நஞ்சு நரம்புகளை முடக்கி உயிரையே வாங்கிவிடும். அதைத் தடுப்பது புளிப்பு. பி.எச். அளவு 4.6 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அந்த வித்து முளைக்காது. அன்னாசி, பிளம்ஸ், திராட்சை, நெல்லிக்காய், எலுமிச்சை எல்லாம் அந்தப் பக்கம் இருப்பவை. இவற்றைக் கொதிநீரில் வைத்து அடைக்கலாம்.

2. புளிப்பில்லாத காயைக் கொதிநீரில் அடைக்காதீர்கள்.
பீன்ஸ், கேரட், பட்டாணி, காளான், சோளம், கிழங்கு எதுவானாலும் சரி, எத்தனை மணி நேரம் கொதித்தாலும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது. அந்த வித்துகளைக் கொல்ல ஏறக்குறைய 120 டிகிரி வேண்டும். வீட்டு குக்கர் போதாதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். போதாது. சிறிய குக்கர் சீக்கிரம் சூடேறிச் சீக்கிரம் ஆறிவிடும். பாட்டிலின் நடுவரை சூடு போய்ச் சேர்ந்ததா என்று அறிய வழியில்லை. இதற்கென்றே செய்த பெரிய அழுத்தப் பாத்திரமும், சோதித்து எழுதிய நேர அட்டவணையும் இல்லாமல் அந்தப் பக்கம் போக வேண்டாம். கத்தரியையும் சுண்டைக்காயையும் வற்றல் போடுங்கள். பட்டாணியை ஃப்ரீசரில் வையுங்கள். நம் வீடுகளில் காய்க்கு நல்ல வழிகள் ஏற்கெனவே இருக்கின்றன.

3. தக்காளியை நம்பிவிடாதீர்கள்.
நாக்குக்குப் புளிக்கும், ஆனால் அதன் பி.எச். 4.6-ஐ ஒட்டியே நிற்கும், சில பழங்களில் தாண்டியும் போகும். அரை லிட்டர் பாட்டிலுக்குக் கால் டீஸ்பூன் சிட்ரிக் ஆசிட் கட்டாயம் போடுங்கள். மலைப் பேரிக்காய்க்கும் இதே அளவு போட்டுவிடுவது நல்லது. எலுமிச்சைச் சாற்றின் புளிப்பு பழத்துக்குப் பழம் மாறும் என்பதால் சிட்ரிக் ஆசிட்டே நம்பகமானது. பப்பாளி, வாழை, நன்றாகக் கனிந்த மாம்பழம் ஆகியவற்றைப் பழகும் காலத்தில் தொடவே வேண்டாம்.

4. பாட்டிலில் சிக்கனம் பார்க்கலாம்; மூடியில் கூடாது.
கண்ணாடிப் பாட்டிலை எத்தனை முறை வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். வாயைச் சுற்றி விரலால் தடவிப் பாருங்கள். சில்லுப் பெயர்ந்திருந்தால் ஒதுக்கிவிடுங்கள். மூடியின் உட்புறம் ரப்பர் போன்ற ஒரு வளையப் பூச்சு இருக்கும். சூட்டில் இளகி, ஆறும்போது வாயைக் கவ்விப் பிடிப்பது அதுதான். ஒருமுறை கவ்விய பூச்சில் தடம் விழுந்துவிடும். மறுமுறை சரியாகப் பிடிக்காது. ஒவ்வொரு முறையும் புது மூடி வாங்குங்கள்.

5. நல்ல பழத்தை மட்டும் அடையுங்கள்.
அடிபட்டதும் அழுகத் தொடங்கியதும் அடைத்துவைத்தால் திருந்திவிடாது. பேரிக்காயை நறுக்கியவுடன் சிட்ரிக் ஆசிட் கலந்த தண்ணீரில் போடுங்கள், கறுக்காது. பிறகு சர்க்கரைப் பாகில் ஒரு கொதி விட்டுச் சூட்டோடு நிரப்புங்கள். பச்சையாக அடைத்தால் துண்டுகளுக்குள் இருக்கும் காற்று வெளியே வந்து பழம் மேலே மிதக்கும்.

6. நிரப்பும்போது அவசரப்படாதீர்கள்.
பாட்டிலும் சூடாக இருக்கட்டும்; குளிர்ந்த கண்ணாடியில் கொதிக்கும் பாகை ஊற்றினால் அடிப்பாகம் விட்டுப்போகும். பழத்துக்கு அரை அங்குலமும் ஜாமுக்குக் கால் அங்குலமும் மேலே இடம் விடுங்கள். மெல்லிய மரக்குச்சியை ஓரமாக விட்டுச் சுற்றிவந்தால் குமிழிகள் ஏறி வரும். பாகு இறங்கியிருந்தால் இன்னும் கொஞ்சம் ஊற்றுங்கள். கடைசியாகச் சுத்தமான ஈரத்துணியால் வாயைத் துடையுங்கள். அங்கே ஒரு பழநார் ஒட்டியிருந்தாலும் மூடி கவ்வாது.

7. நேரத்தைக் கொதி வந்த பிறகு எண்ணுங்கள்.
பெரிய பாத்திரத்தின் அடியில் துணியை மடித்துப் போட்டு அதன்மேல் பாட்டில்களை நிறுத்துங்கள். மூடிக்கு மேலே ஓர் அங்குலம் தண்ணீர் நிற்க வேண்டும். தளதளவென்று கொதித்த பிறகுதான் கணக்கு. சமவெளியில் அரை லிட்டர் அன்னாசிக்கு 15 நிமிடம், பிளம்ஸுக்கும் பேரிக்காய்க்கும் 20, நசுக்கிய தக்காளிக்கு 35. ஊட்டியும் கொடைக்கானலும் 2,000 மீட்டருக்கு மேலே இருக்கின்றன. அங்கே தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். அதனால் அன்னாசிக்கு 25, பிளம்ஸுக்கும் பேரிக்காய்க்கும் 35, தக்காளிக்கு 50 நிமிடம் வேண்டும். சென்னையில் படித்த குறிப்பை மலையில் அப்படியே செய்யாதீர்கள்.

8. சோதித்த அளவை மாற்றாதீர்கள்.
பிரான்ஸ் நாட்டு நிக்கோலா அப்பேர் கண்ணாடிப் பாட்டிலில் உணவை அடைத்துக் கொதிக்கவைக்கும் முறையை 1810-ல் நூலாக எழுதினார். உணவு ஏன் கெடவில்லை என்பது அவருக்கே தெரியாது. கிருமிதான் காரணம் என்று பாஸ்டர் விளக்கியது அரை நூற்றாண்டு கழித்து. நமக்குக் காரணமும் தெரியும், அளவும் தெரியும். தெரிந்தபின் புளிப்பைக் குறைப்பதும், தக்காளியோடு வெங்காயம், மிளகாயை இஷ்டப்படி சேர்ப்பதும் பொறுப்பில்லாத செயல்.

9. ஜாமில் பதம்தான் காவல்.
சர்க்கரை தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்வதால் கிருமி வளர வழியில்லாமல் போகிறது. பழம் ஒரு கிலோவுக்குச் சர்க்கரை முக்கால் முதல் ஒரு கிலோ. கொய்யாவிலும் விளாம்பழத்திலும் இறுகவைக்கும் பெக்டின் இயல்பாகவே அதிகம். அன்னாசியில் குறைவு, அதோடு கொஞ்சம் கொய்யாவைச் சேர்க்கலாம். ஃப்ரீசரில் குளிரவைத்த தட்டில் ஒரு சொட்டு விட்டு, ஒரு நிமிடம் கழித்து விரலால் தள்ளிப் பாருங்கள். மேலே சுருக்கம் விழுந்தால் பதம் வந்துவிட்டது. வெப்பமானி வைத்திருந்தால், உங்கள் ஊரில் தண்ணீர் கொதிக்கும் சூட்டுக்கு மேல் 4 முதல் 5 டிகிரி.

10. ஸ்குவாஷுக்கு மருந்தை நிறுத்துப் போடுங்கள்.
எலுமிச்சை, அன்னாசி ஸ்குவாஷுக்குப் பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட் லிட்டருக்கு 0.6 கிராம். கம்பம் பன்னீர் திராட்சைக்கு அது ஆகாது, நிறத்தை வெளுத்துவிடும். அதற்குச் சோடியம் பென்சோயேட். எதையும் கண்மதிப்பில் போடாதீர்கள். சல்ஃபைட் சில ஆஸ்துமாக்காரர்களுக்கு மூச்சுத்திணறலைத் தூண்டும். பாட்டிலின் மேல் எழுதி ஒட்டுங்கள்.

11. ஊறுகாயைச் சாதாரணமாக நினைக்காதீர்கள்.
மாவடுவையும் நார்த்தங்காயையும் காப்பது உப்பும் புளிப்பும். எண்ணெய் மேலே நின்று காற்றைத் தடுக்கும், பூசணம் வராது. ஆனால் எண்ணெய் மட்டுமே காவல் ஆகிவிடாது. பூண்டை வெறும் எண்ணெயில் மூழ்கவைத்து அலமாரியில் வைப்பது ஆபத்து. எலுமிச்சையோ புளியோ வினிகரோ தாராளமாகச் சேர வேண்டும். நம் கடைகளில் கிடைக்கும் வினிகர் பெரும்பாலும் 4 சதவீதம். வெளிநாட்டுக் குறிப்புகள் 5 சதவீத வினிகரை வைத்து எழுதியவை. லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

12. மறுநாள் ஒவ்வொரு மூடியையும் அழுத்திப் பாருங்கள்.
நடுப்பகுதி உள்ளே குழிந்து, அழுத்தினால் அசையாமல் இருக்க வேண்டும். ‘டக்’ என்று சத்தம் வந்தால் அது பிடிக்கவில்லை. ஃப்ரிட்ஜில் வைத்துச் சில நாளில் சாப்பிட்டு முடியுங்கள். பிடித்ததில் பெயரும் தேதியும் எழுதி, வெயில் படாத இடத்தில் வைத்து, ஒரு வருடத்துக்குள் தீர்த்துவிடுங்கள். விற்கப்போகிறீர்கள் என்றால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்தபின் விற்பனைக்கு வையுங்கள்.

13. சந்தேகம் வந்தால் ருசி பார்க்காதீர்கள்.
மூடி உப்பியிருந்தால், திறந்ததும் நுரைத்தால், பாகு கலங்கியிருந்தால் குப்பைதான். பொட்டுலினம் நஞ்சுக்கு வாடையும் கிடையாது, ருசியும் கிடையாது; ஒரு வாய் போதும். சாப்பிட்டவருக்கு இமை தொங்கினாலோ, பார்வை இரட்டையாகத் தெரிந்தாலோ, பேச்சு குழறினாலோ, விழுங்க முடியாமல் போனாலோ ஒரு நிமிடமும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். என்ன சாப்பிட்டார் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். வீணாகிறதே என்ற வருத்தம் எனக்கும் புரியும். இரண்டு கிலோ பழம் போனால் அடுத்த பருவத்தில் மறுபடி வரும்.

14. சின்னதாகத் தொடங்குங்கள்.
முதல் தடவை ஒரே ஒரு அன்னாசிப்பழம், இரண்டு அரை லிட்டர் பாட்டில், இரண்டு புது மூடி போதும். அதை நேரம் தவறாமல் செய்து முடித்தபின் பிளம்ஸுக்குப் போங்கள், அப்புறம் தக்காளிக்கு. ஒவ்வொன்றிலும் எது காக்கிறது என்று பக்கத்தில் நிற்பவருக்கு எடுத்துச் சொல்ல முடிகிற அன்று, அவருக்கும் கற்றுக்கொடுங்கள்.