பழைய கேம் டிஸ்க், புதிய கன்சோல்: ஓடுமா, ஓடாதா?

வீட்டில் பிளேஸ்டேஷன் 2 வைத்திருப்பவர்கள் பலர் இன்னும் இருக்கிறார்கள். லென்ஸ் தேய்ந்து, டிஸ்க்கைப் படிக்கத் திணறத் தொடங்கியதும், "புதிதாக ஒன்று வாங்கிவிடலாம், பழைய டிஸ்க்குகளை அதில் போட்டுக்கொள்ளலாம்" என்று எண்ணுகிறார்கள். தொப்பம்பட்டியிலிருந்து பழனிக்கோ ஒட்டன்சத்திரத்துக்கோ, அங்கும் இல்லாவிட்டால் திண்டுக்கல்லுக்கோ சென்று, பெரும் பணம் கொடுத்து வாங்கி வந்த பிறகுதான் பழைய டிஸ்க் எதுவும் ஓடாது என்பது தெரிய வருகிறது. வாங்கும் முன்பே இதைத் தெரிந்துகொள்ள வேண்டாமா? எந்தக் கன்சோலில் எது ஓடும், எது ஓடாது, ஏன் என்பதை இங்கு பார்க்கலாம்.

பின்னோக்கிய ஒத்திசைவு என்றால் என்ன?

பழைய மாடலுக்காகத் தயாரிக்கப்பட்ட கேமை, புதிய மாடலும் எடுத்துக்கொண்டு இயக்குவதைத்தான் பின்னோக்கிய ஒத்திசைவு என்கிறோம். கம்ப்யூட்டரில் இதை நாம் சாதாரணமாக எதிர்பார்க்கிறோம். விண்டோஸ் எக்ஸ்பி காலத்து புரோகிராம்கள் பல, இன்றைய விண்டோஸிலும் இயங்குகின்றன. கன்சோல்களில் அப்படி இல்லை. ஒவ்வொரு தலைமுறையிலும் பிராசசரையே அடியோடு மாற்றிவிடுவது அங்கு வழக்கமாக இருந்தது.

"புதிய கன்சோல் பல மடங்கு வேகமானது, பழைய கேமை ஓட்ட முடியாதா?" என்று கேட்கலாம். வேகம் இங்கு பிரச்னை இல்லை. மூன்று பேஸ் மோட்டாரை ஒற்றை பேஸ் இணைப்பில் நேரடியாக ஓட்ட முடியுமா? இணைப்பில் மின்சாரம் இருக்கிறது. ஆனால் மோட்டார் கேட்கும் வகையில் இல்லை. இடையில் ஒரு கன்வெர்ட்டர் தேவைப்படுகிறது. கேமும் அப்படித்தான். ஒரு குறிப்பிட்ட பிராசசரின் கட்டளைகளில் எழுதப்பட்ட கேம், வேறு பிராசசருக்குப் புரியாது.

இதற்கு இரண்டு தீர்வுகள் உண்டு. ஒன்று, பழைய சிப்பையே புதிய கன்சோலுக்குள் வைத்துவிடுவது. இதில் கேம் அப்படியே ஓடும். ஆனால் தயாரிப்புச் செலவு கூடும். இரண்டாவது, எமுலேட்டர் என்னும் சாப்ட்வேர் மூலம் பழைய கட்டளைகளைப் புதிய பிராசசருக்கு மொழிபெயர்ப்பது. ஒரு பழைய கட்டளைக்குப் பல புதிய கட்டளைகள் தேவைப்படும். பழைய சிப்புகள் ஒன்றோடொன்று இயங்கிய நேரக் கணக்கையும் பிசகாமல் காட்ட வேண்டும். இதில் தவறினால் படம் உடையும், ஒலி திக்கும், கேம் பாதியில் நின்றுவிடும்.

கேசட் காலம்

1990களில் சாமுராய் போன்ற பெயர்களில் நம் ஊர்களுக்கு வந்த டிவி கேம்கள், நின்டெண்டோ 1983ல் ஜப்பானில் வெளியிட்ட பேமிகாம் கன்சோலின் நகல்களே. நாம் கேசட் என்று சொன்ன கார்ட்ரிட்ஜில் 60 பின்கள் இருந்தன. எல்லா நகல்களும் ஒரே அமைப்பைப் பின்பற்றியதால், ஒரு கம்பெனியின் கேசட் மற்றொரு கம்பெனியின் பெட்டியிலும் பெரும்பாலும் ஓடியது. இன்றும் இவ்வகை டிவி கேம்கள் மலிவாகக் கிடைக்கின்றன. ஆனால் பலவற்றில் கேம்கள் உள்ளேயே பதியப்பட்டிருக்கும். கேசட் போடும் துளை இருக்காது. பழைய கேசட்டுக்காக வாங்குவதாக இருந்தால், துளை இருக்கிறதா என்று முதலில் பார்த்திடவும்.

இன்னொரு செய்தி. வாத்து சுடும் துப்பாக்கி, இன்றைய எல்.இ.டி. டிவியில் வேலை செய்யாது. பிக்சர் டியூப் டிவி திரையில் ஒளி தோன்றும் நேரத்தை வைத்துத்தான் அது குறியைக் கண்டுபிடிக்கிறது. புதிய டிவியில் படம் தோன்றும் முறையே வேறு.

பிளேஸ்டேஷன் செய்த மாற்றங்கள்

பி.எஸ்.2: 2000ல் வெளிவந்தது. முதல் பிளேஸ்டேஷனின் பிராசசரை இதற்குள்ளேயே வைத்து, சாதாரண நேரத்தில் கன்ட்ரோலர், மெமரி கார்டு போன்ற வேலைகளுக்குப் பயன்படுத்தினார்கள். பழைய டிஸ்க்கைப் போட்டால், அதே சிப் முதன்மை பிராசசராக மாறிவிடும். ஆனால் பழைய கேம்களை சேவ் செய்ய, பழைய மெமரி கார்டுதான் வேண்டும்.

பி.எஸ்.3: 2006ல் வந்த முதல் மாடல்களில் பி.எஸ்.2வின் முக்கிய சிப்புகள் இருந்தன. ஐரோப்பாவில் 2007 மார்ச்சில் வந்த மாடலில் கிராபிக்ஸ் சிப்பை மட்டும் வைத்துவிட்டு, மற்றதை சாப்ட்வேரிடம் விட்டார்கள். அதே ஆண்டு இறுதியில் வந்த 40 ஜிபி மாடலில் பி.எஸ்.2 வசதியே நீக்கப்பட்டது. பழைய பி.எஸ்.3 வாங்குபவர்கள் முன்புறத்தைப் பார்க்கவும். நான்கு யு.எஸ்.பி. போர்ட்கள் இருந்தால் பி.எஸ்.2 டிஸ்க் ஓடும் வகை. இரண்டு மட்டும் இருந்தால் ஓடாது. முதல் பிளேஸ்டேஷனின் டிஸ்க்குகள் எல்லா பி.எஸ்.3 மாடலிலும் ஓடும். நகல் எடுத்த டிஸ்க்குகள் எதிலும் ஓடாது.

பி.எஸ்.4: 2013ல் வெளிவந்தது. பி.எஸ்.3ன் செல் பிராசசரைக் கைவிட்டு, கம்ப்யூட்டர்களில் உள்ளது போன்ற ஏ.எம்.டி. பிராசசருக்கு மாறினார்கள். முந்தைய மூன்று தலைமுறை டிஸ்க்குகளில் எதுவும் இதில் ஓடாது. 2015 முதல் சில பி.எஸ்.2 கேம்களை, எமுலேட்டர் மூலம் இதில் ஓடும்படி ஆன்லைனில் விற்றார்கள். அதாவது பி.எஸ்.2 கேமை ஓட்டும் திறன் இதற்கு உண்டு. ஆனாலும் உங்களிடம் உள்ள டிஸ்க்கை ஏற்காது. மீண்டும் பணம் கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

பி.எஸ்.5: 2020 நவம்பரில் வெளிவந்தது, இந்தியாவுக்கு 2021 பிப்ரவரி 2ல் வந்தது. பி.எஸ்.4ன் பிராசசர் குடும்பமே இதிலும் தொடர்வதால், சிலவற்றைத் தவிர பி.எஸ்.4 கேம்கள் எல்லாம் ஓடும். அதற்கு முந்தைய டிஸ்க்குகள் ஓடாது. டிஜிட்டல் எடிஷன் வாங்கினால் டிஸ்க் போடும் இடமே இல்லை. 2023 முதல் வந்த மெலிந்த மாடலில் டிஸ்க் டிரைவைத் தனியாக வாங்கிப் பொருத்தலாம். ஆனால் முதல் முறை பொருத்தும்போது இன்டர்நெட் இணைப்பு அவசியம்.

எக்ஸ்பாக்ஸ் வழி

மைக்ரோசாப்ட் சாப்ட்வேர் வழியையே தேர்ந்தெடுத்தது. 2015 முதல் எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் எக்ஸ்பாக்ஸ் 360 கேம்களும், 2017 முதல் முதல் எக்ஸ்பாக்ஸின் கேம்களும் சேர்க்கப்பட்டன. எல்லாக் கேம்களும் அல்ல. பட்டியலில் உள்ளவை மட்டுமே. 2021 நவம்பருடன் பட்டியலில் புதிதாகச் சேர்ப்பதை நிறுத்திவிட்டார்கள். இவை எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸிலும் ஓடும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. பழைய டிஸ்க்கைப் போட்டால் அதிலிருந்து கேம் ஓடாது. டிஸ்க், நீங்கள் கேமை வாங்கியதற்கான சாட்சி மட்டுமே. கேம் முழுவதும் இன்டர்நெட்டில் இருந்து இறங்கும். சில கேம்கள் பல ஜிபி அளவுள்ளவை. நாளுக்கு 2 ஜிபி மொபைல் டேட்டாவை நம்பியிருக்கும் வீட்டில் இது நடக்கிற காரியமா என்று யோசித்து முடிவெடுக்கவும். சீரீஸ் எஸ் மாடலில் டிஸ்க் டிரைவ் இல்லாததால், கையில் உள்ள டிஸ்க்குகளால் பயனில்லை.

நம் நாட்டுக் கேம்களின் நிலை

இந்த விஷயம் நம்மை நேரடியாகத் தொடும் இடம் ஒன்று உண்டு. 2009ல் பி.எஸ்.2வுக்காக "ஹனுமான்: பாய் வாரியர்" என்ற கேம் வெளிவந்தது. ஐதராபாத்தின் ஆரோனா டெக்னாலஜிஸ் உருவாக்கியது. முழுவதும் இந்தியாவிலேயே தயாரான முதல் பிளேஸ்டேஷன் கேம் என்று சோனி இதை அறிமுகப்படுத்தியது. அதே ஆண்டில் கபடி, கில்லி தண்டா போன்ற நம் விளையாட்டுகளைக் கொண்ட "தேசி அட்டா" வந்தது.

இவை வெளிவந்தபோதே, கடையில் புதிதாக விற்பனையான பி.எஸ்.3ல் ஓடவில்லை. விலை குறைவு என்பதால் இந்தியாவில் பி.எஸ்.2வே அப்போது அதிக வீடுகளை எட்டக்கூடியதாக இருந்தது. அதை நம்பித்தான் அதற்காகத் தயாரித்தார்கள். 2013ல் பி.எஸ்.2 தயாரிப்பு நின்றுவிட்டது. உலகப் புகழ் பெற்ற கேம் என்றால் யாராவது புதுப்பித்து மீண்டும் விற்பார்கள். சிறிய சந்தைக்காக வந்த கேமுக்கு அந்த வாய்ப்பு குறைவு. எனவே உங்கள் வீட்டு அலமாரியில் இந்த டிஸ்க் இருந்தால் எறிந்துவிட வேண்டாம். ஓடுகிற பி.எஸ்.2 ஒன்று இருந்தால் அதையும் பழைய சாமான்காரரிடம் போட்டுவிட வேண்டாம்.

இப்போது என்ன செய்யலாம்?

1. பழைய டிஸ்க்குகளை எடுத்து எந்தத் தலைமுறை என்று தனித்தனியாகப் பிரித்திடவும். பி.எஸ்.4 டிஸ்க்குகள் இருந்தால் மட்டுமே பி.எஸ்.5ன் டிஸ்க் டிரைவுக்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் அர்த்தம் உண்டு.

2. பி.எஸ்.4ல் சேவ் செய்தவற்றை பென் டிரைவில் காப்பி எடுத்து பி.எஸ்.5க்கு மாற்றலாம். பி.எஸ்.4 கேம்கள் உள்ள எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கை அப்படியே பி.எஸ்.5ல் இணைத்தும் விளையாடலாம்.

3. பி.எஸ்.2 கெட்டுவிட்டால், முதலில் லென்ஸை மாற்றிப் பார்க்கவும். புதிய கன்சோலின் விலையோடு ஒப்பிட்டால் இந்தச் செலவு மிகக் குறைவு.

4. புதிய டிவியில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை துளைகள் இல்லாவிட்டால், ஏ.வி.யை எச்.டி.எம்.ஐ.யாக மாற்றும் சிறிய கன்வெர்ட்டரைப் பயன்படுத்தலாம்.

5. ஓரளவு நல்ல கம்ப்யூட்டர் இருந்தால் பி.சி.எஸ்.எக்ஸ்.2 என்னும் இலவச எமுலேட்டரை நிறுவி, டிவிடி டிரைவ் மூலம் உங்கள் டிஸ்க்கை ஐ.எஸ்.ஓ. பைலாக மாற்றி இயக்கலாம். இதற்கு பி.எஸ்.2வின் பயாஸ் பைல் தேவை. அதை உங்கள் சொந்தக் கன்சோலில் இருந்துதான் எடுக்க வேண்டும். இணையதளங்களில் கிடைப்பதை இறக்குவது சட்டப்படி சரியல்ல. தன்னிடம் முறையாக உள்ள சாப்ட்வேருக்கு, இழப்பிலிருந்து பாதுகாக்க ஒரு பேக்கப் நகல் எடுத்துக்கொள்ள இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52வது பிரிவு இடம் தருகிறது. அந்த நகலை மற்றவருக்குத் தருவதும் விற்பதும் கூடாது.

கடையில் கேட்கும்போது "பழைய கேம் ஓடுமா?" என்று பொதுவாகக் கேட்டால், "ஓடும்" என்றுதான் பதில் வரும். உங்களிடம் உள்ள டிஸ்க்குகளில் இரண்டைக் கையோடு கொண்டு செல்லுங்கள். அங்கேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். திரையில் ஓடிய பிறகு பணத்தைக் கொடுங்கள்.