ரிசல்ட் வரட்டும்னு காத்திருக்காதீங்க!

"எம்.டெக் பண்ணணும், அதுவும் வெளி மாநிலத்துல." மூணாவது வருஷத்துல இப்படிச் சொல்றவங்க நம்ம ஹாஸ்டல்ல நிறைய பேர். எப்போ அப்ளை பண்ணப் போறீங்கன்னு கேட்டா, "கேட் ரிசல்ட் வரட்டும், பார்க்கலாம்" என்பதுதான் பதில்.

நானும் அதையேதான் சொன்னேன். மார்ச்ல ரிசல்ட் வந்தது. புராஜெக்ட் ரிவியூவை முடிச்சுட்டு ஆற அமர உட்கார்ந்தேன். நான் ரொம்ப ஆசைப்பட்ட ஒரு ஐஐடியின் கடைசித் தேதி மூணு நாளைக்கு முன்னாடியே முடிஞ்சிருந்தது. ஸ்கோர் இருந்தது, கதவு மூடியிருந்தது. உங்களுக்கு அப்படி ஆகக் கூடாதுன்னுதான் இதை எழுதுறேன்.

முதல்ல காலண்டர்

கேட் தேர்வுக்கான பதிவு பொதுவா ஆகஸ்ட் கடைசியில் தொடங்கும். தேர்வு பிப்ரவரியில், ரிசல்ட் மார்ச்சில். மூணாவது வருஷ மாணவர்களும் எழுதலாம். ஸ்கோர் 3 வருஷம் செல்லும். அதனால மூணாவது வருஷத்துலயே ஒரு தடவை எழுதிடுங்க. நல்ல ஸ்கோர் வந்தா கடைசி வருஷத்துல அதை வச்சே அப்ளை பண்ணலாம். வரலைன்னா இன்னொரு வாய்ப்பு இருக்கு.

கேட் எழுதுறது வேற, அட்மிஷனுக்கு அப்ளை பண்றது வேற. ஐஐடி பம்பாய், ஐஐடி டெல்லி, பெங்களூரு ஐஐஎஸ்சி ஒவ்வொண்ணுக்கும் அதனதன் தளத்தில் தனித்தனியா விண்ணப்பிக்கணும். சிஓஏபி என்கிற பொதுத் தளம் வந்த ஆஃபரைப் பார்க்கவும், ஏத்துக்கவும் மட்டும்தான். அங்க பதிவு பண்ணிட்டு "எல்லா ஐஐடிக்கும் போட்டாச்சு"ன்னு நினைச்சுடாதீங்க. என்ஐடிகளுக்கு மட்டும் சிசிஎம்டி வழியா ஒரே விண்ணப்பத்தில் பல கல்லூரிகளை வரிசைப்படுத்தலாம்.

விண்ணப்பங்கள் பெரும்பாலும் மார்ச், ஏப்ரலில் திறந்து மூடும். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு தேதி. அதே மாசங்கள்லதான் நமக்கு ரிவியூ, ரிப்போர்ட், ஃபேர்வெல் எல்லாம் வரும். ஆகவே எந்தெந்த இடம், எந்தப் பிரிவு என்கிற பட்டியலை ஜனவரிக்குள்ள முடிச்சு வைங்க.

சான்றிதழ் விஷயம்

நம்மகிட்ட இருக்கிற பிசி, எம்பிசி சாதிச் சான்றிதழை மத்திய அரசு நிறுவனங்கள்ல ஓபிசி ஒதுக்கீட்டுக்கு அப்படியே காட்ட முடியாது. மத்திய அரசு படிவத்தில் ஓபிசி நான்-கிரீமி லேயர் சான்றிதழ் தனியா வாங்கணும். வருமானத்தைப் பொறுத்த சான்றிதழ் என்பதால், எந்தத் தேதிக்குப் பிறகு வாங்கியிருக்கணும்னும் சொல்லியிருப்பாங்க. கடைசி வாரத்துல இ-சேவை மையத்துக்கு ஓடினா கைக்கு வராது. செமஸ்டர் லீவுல ஊருக்குப் போகும்போதே முடிச்சுடுங்க.

இந்த வருஷமா, அடுத்த வருஷமா?

கையில பிளேஸ்மென்ட் ஆஃபர் இருந்தா இதுதான் பெரிய குழப்பம். மூணு கேள்வி கேட்டுக்கோங்க.

ஒண்ணு, எந்தப் பிரிவு வேணும்னு தெரியுமா? "ஐஐடின்னா எதுவானாலும் ஓகே"ன்னு மனசு சொன்னா, ஒரு வருஷம் வேலைக்குப் போய்ப் பார்க்கிறதுல தப்பில்லை. ஸ்கோர் உயிரோடதான் இருக்கும்.

ரெண்டு, போன வருஷ கட்ஆஃபுக்கு உங்க ஸ்கோர் பக்கத்துல இருக்கா? இருந்தா யோசிக்காம போடுங்க. அப்ளை பண்றதால சேர்ந்தே ஆகணும்னு இல்லை. அப்ளை பண்ணாம இருந்தா மட்டும்தான் முடிவு உங்க கையை விட்டுப் போகும்.

மூணு, வீட்டு நிலைமை. கேட் வழியா எம்.டெக் சேர்ந்தா உதவித்தொகை மாசம் 12,400 ரூபாய். உங்க செலவுக்குப் போதும், வீட்டுக்கு அனுப்பப் போதாது. கல்விக் கடன் இருந்தா, ஆஃபர் வந்த அன்னைக்குப் பேசாம முன்னாடியே பேசுங்க. ஆஃபரை ஏத்துக்க சில நாட்கள்தான் தருவாங்க.

எங்க வீட்டுல நான் கடைசியாத்தான் சொன்னேன். அப்பா கேட்டது ஒண்ணே ஒண்ணு: "பெங்களூருன்னா ராத்திரி பஸ் ஏறி வந்துடுவே. கௌஹாத்தின்னா ரெண்டு நாள் ரயில்டா, யோசிச்சியா?" யோசிக்கலை. அதுக்கப்புறம்தான் யோசிச்சேன். மிச்சம் இருந்த இடங்களுக்கு ஒரே ராத்திரியில போட்டு முடிச்சேன். இப்போ ஆஃபருக்காகக் காத்திருக்கேன்.

நீங்க இன்னைக்கே போன் காலண்டரைத் திறந்து, ஆகஸ்ட் கடைசி வாரத்துல ஒரு அலாரம் வைங்க. மத்ததெல்லாம் அதுக்கப்புறம்.