படகின் மின்வலுவும் ஏற்றக் கட்டுப்படுத்தியும்

சிலிக்கன் ஒளிமின்கலத்தைப் பெல் ஆய்வுகூடத்தார் 1954 ஆம் ஆண்டில் உலகிற்குக் காட்டியபோது, அது தன்மேல் வீழ்ந்த ஒளியில் நூற்றுக்கு ஆறு பங்கையே மின்னாக மாற்றியது. இன்றைய பலகைகள் இருபது பங்கையும் எட்டிவிட்டன. எனினும் பலகை ஈட்டுவதையெல்லாம் பற்றரி பெறுவதில்லை. எவ்வளவு பெறும் என்பது இடையில் நிற்கும் ஏற்றக் கட்டுப்படுத்தியைப் பொறுத்தது. கரையிலாயின் இது சிறு நட்டம். நங்கூரமிட்ட பாய்ப்படகிலோ, விடியுமுன் நங்கூர விளக்கு அணைந்து வானொலியும் ஓய்ந்துவிடுதல் ஆபத்தாகும். காலியிலும் திருகோணமலையிலும் வந்து தங்கும் பாய்ப்படகுகளை மனத்திற்கொண்டு இதனை ஆராய்வாம்.

கட்டுப்படுத்திகள் இருவகையின. பழையதாகிய பீ. டபிள்யூ. எம். வகை ஓர் ஆளியே. பற்றரி நிறையுந் தறுவாய்வரை அது பலகையைப் பற்றரியோடு நேரே இணைத்துவிடும். பலகையின் அழுத்தமும் பற்றரியின் அழுத்தத்திற்கு இறங்கிவிடும். 36 கலங்கொண்ட 100 வாற்றுப் பலகை 18 வோல்ற்றில் ஏறத்தாழ 5.5 அம்பியர் தரவல்லது. 12.5 வோல்ற்றுப் பற்றரியோடு இவ்வாறு பிணைக்கப்படின், ஓட்டம் ஏறக்குறைய அதேயளவாய் நிற்க, வலு 70 வாற்றளவிற்குக் குறையும்.

எம். பி. பி. ரி. வகையோ அழுத்தத்தைக் குறைத்து ஓட்டத்தைப் பெருக்குவது. அதிவிரைவாகத் திறந்து மூடும் ஆளிகளும் ஒரு தூண்டற்சுருளும் இவ்வேலையைச் செய்கின்றன. எந்த அழுத்தத்திற் பலகை மிகுந்த வலுவைத் தரும் என்பதையும் அது தானே தேடும். அழுத்தத்தைச் சிறிது மாற்றிப் பார்க்கும். வலு குறைந்தால் மறுபுறம் திரும்பும். இருளிற் படிதேடும் காலும் இவ்வாறன்றோ செய்கின்றது! தன் செலவாக நூற்றுக்கு ஐந்து பங்கைக் கழித்துக்கொண்டாலும் பற்றரிக்கு ஏறத்தாழ 7.5 அம்பியரை அது கொடுக்கும்.

இக்கணக்கைக் காட்டி, கட்டுப்படுத்தியை மாற்றினால் நூற்றுக்கு முப்பது பங்கு மிகும் என விற்போர் கூறுவர். எமது வெயிலில் அஃது அத்துணை எளிதன்று. கலத்தின் வெப்பநிலை 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு பாகை ஏறுந்தோறும் அழுத்தம் நூற்றுக்கு 0.4 பங்களவு குறையும். நண்பகலிற் பலகை 60 பாகையை எட்டும்போது 18 வோல்ற்று 15.5 ஆகிவிடும். அப்பொழுது பற்றரி நிறையுந் தறுவாயில் 14 வோல்ற்றில் நின்றால், புதிய கருவியால் வரும் நயம் அதன் செலவு போக ஐந்தாறு பங்கே. பற்றரி வெறுமையாயிருக்கும் குளிர்ந்த காலைவேளையிலேயே அது தன் திறமையைக் காட்டும்.

ஆகவே கட்டுப்படுத்தியோடு பலகையையும் மாற்றுதலே தக்கது என்பது எமது கருத்து. வீட்டுக் கூரைக்கென விற்கப்படும் 60 கலப் பலகை 32 வோல்ற்றளவில் 300 வாற்றுத் தரும். அதைப் பழைய கருவியோடு இணைப்பின் 120 வாற்றே கிட்டும். புதியதோடு இணைப்பின் 285 வாற்று. பற்றரிக்குச் செல்லும் ஓட்டம் 23 அம்பியரளவாதலின் 30 அம்பியர்க் கருவி வேண்டும். வடத்திலும் இலாபமுண்டு: 0.05 ஓம் தடையுள்ள வடத்தில் 23 அம்பியர் ஓடின் 26 வாற்று வீணாகும், பலகையின் 9.5 அம்பியரே ஓடின் ஐந்து வாற்றிற்கும் குறைவே. இதனாற் கருவியைப் பற்றரிக்கு அண்மையில், காற்றோட்டமுள்ள இடத்திற் பொருத்துக.

அழுத்தம் உயர உயர நன்றென்று பலகைகளைத் தொடராக இணைக்க முற்படுவோர் இரண்டை நோக்கல் வேண்டும். சுமையற்ற நிலையில் இத்தகைய பலகை 40 வோல்ற்றைக் காட்டும். இரண்டைத் தொடராக்கின் 80 வோல்ற்று. 75 வோல்ற்றே தாங்கும் கருவி அக்கணமே பழுதாகும். மற்றையது பாய்மரத்தின் நிழல். தொடரில் ஒரு பலகைமேல் விழும் நிழல் முழுத்தொடரின் ஓட்டத்தையும் நெரிக்கும். மாற்றுவழி இருவாயிகள் இதனை ஓரளவே தணிக்கும். பாய்மரமும் அதன் கிடைமரமும் நாள்முழுதும் நிழல்வீசும் படகிற் பலகைக்கொரு சிறு கட்டுப்படுத்தி வைத்து, அவற்றைப் பற்றரியில் ஒன்றுசேர்த்தலே சிறந்தது. செலவு சற்று மிகும். ஆயினும் ஒன்று பழுதானால் மற்றையது விளக்கைக் காக்கும்.

இணைக்கும்போது முதலிற் பற்றரியையும் பின்னரே பலகையையும் இணைக்க. கழற்றும்போது முறைமாறிச் செய்க. பற்றரியின் நேர்முனைக்கு அண்மையில் உருகி ஒன்று கட்டாயம் இருத்தல் வேண்டும். ஈயப் பற்றரிக்கென அமைத்த ஏற்ற அளவுகளை இலிதியம் பற்றரிக்கு அப்படியே விட்டுவிடலாகாது. சிறப்பாக, ஈயத் தட்டுகளைத் துப்புரவாக்க இடையிடையே அழுத்தத்தை உயர்த்தும் ஏற்றமுறையை இலிதியத்திற்கு முற்றாக நிறுத்திவிடுக.